இரண்டு சப்பாத்திக் கட்டைகள்

விடுதி மெஸ்ஸிலிருந்து இரண்டு சப்பாத்திக் கட்டைகளை எடுத்துவந்த இரவில்தான் நான் இன்ஜினியரிங் படிக்கத் தொடங்கினேன் என்று சொன்னால் அப்பா வருத்தப்படுவார். அதற்கு முன்பே ஐந்து செமஸ்டர்களுக்கு அவர் பணம் கட்டியிருந்தார். 'எடுத்துவந்த' என்பதும் கொஞ்சம் கௌரவமான சொல்தான். மெஸ் மாஸ்டர் அதற்கு வேறு சொல் வைத்திருந்தார்.

ஆறாம் செமஸ்டர் மெக்கானிக்கல் மாணவர்களுக்கு 'டிசைன் அண்ட் ஃபேப்ரிகேஷன் பிராஜெக்ட்' என்று ஒரு பாடம். நான்கு பேர் சேர்ந்து ஒரு பொருளை யோசித்து, வரைந்து, செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவரை நாங்கள் கையால் செய்திருந்தவை முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப் லேபில் செய்தவை மட்டுமே. இரும்புத் துண்டை அரத்தால் அராவி ஒரு 'வி' ஜாயிண்ட், மரத்தில் ஒரு ஹாஃப் லேப், தகரத்தில் ஒரு புனல். அறுபது பேரும் ஒரே புனலைத்தான் செய்தோம். சரியான புனல் எப்படி இருக்கும் என்பது ரெக்கார்டு நோட்டில் ஏற்கெனவே வரைந்திருக்கும். நம் புனல் அதற்கு எவ்வளவு கிட்டே போனது என்பதற்கே மதிப்பெண். அந்தப் பயிற்சியை இகழ மாட்டேன். அரம் பிடிக்கத் தெரியாதவன் எதையும் செய்ய முடியாது. ஆனால் ஐந்து செமஸ்டர் கழித்து ஒருநாள் திடீரென்று, 'புதிதாக ஏதாவது செய்து கொண்டுவாருங்கள்' என்றபோது எங்கள் கைகள் பழக்கத்தில் அந்தப் புனலையே தேடின.

தேடிக் களைத்தவர்களுக்காகப் பேருந்து நிலையத்தின் அருகே பிராஜெக்ட் சென்டர்கள் இருந்தன. நியூமேட்டிக் பேப்பர் கட்டர், சோலார் புல்வெட்டி, தானியங்கி ஸ்க்ரூ ஜாக் என்று விலைப்பட்டியலே உண்டு. பணம் கொடுத்தால் பெயின்ட் அடித்த இயந்திரமும் ஸ்பைரல் பைண்டிங் செய்த ரிப்போர்ட்டும் கிடைக்கும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் என்ன கேட்பார்கள் என்பதையும் சொல்லித் தருவார்கள். நாங்களும் ஒருநாள் மாலை அந்த மாடிப்படியில் பாதி ஏறியவர்கள்தாம். முன்பணம் கையில் இல்லாததால் இறங்கிவிட்டோம். ஒழுக்கம் அன்று எங்களுக்கு வறுமையின் உருவத்தில் வந்தது.

எங்கள் அணியில் நான்கு பேர். கணினியில் இயந்திரங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் எனக்கு ஓரளவு வரும். ஆகவே நான்தான் டிசைனர். இன்னொருவனுக்குப் பேச்சு வரும், அவன் பவர்பாயிண்ட். மூன்றாமவன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தவன். வெல்டிங்கும் லேத்தும் தெரிந்தவன், ஆங்கிலத்தில் பேசக் கூசுகிறவன். அவனை எல்லாரும் 'டிப்ளமோ' என்றே கூப்பிட்டோம். அதில் இருந்த இளக்காரம் எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. நான்காவது, வகுப்பிலிருந்த மூன்று பெண்களில் ஒருத்தி. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம். அவளுக்கு என்ன வேலை கொடுத்தோம் என்பதை எந்த இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவரும் யூகித்துவிடலாம். ரிப்போர்ட் டைப் செய்வது. கையெழுத்து அழகாக இருக்கும், பொறுமை அதிகம் என்று காரணமும் சொன்னோம். ரிப்போர்ட் கணினியில் அடிக்க வேண்டியது. அதற்குக் கையெழுத்து எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

விவசாயம் என்றால் ரிவ்யூவில், அதாவது பேராசிரியர்கள் பிராஜெக்டை மதிப்பிடும் கூட்டத்தில், எடுபடும் என்று பவர்பாயிண்ட் சொன்னான். சின்ன வெங்காயத்தின் தாளை, அதாவது தலையில் நீண்டிருக்கும் காய்ந்த இலைத் தண்டை, அறுக்கும் இயந்திரம் என்று முடிவானது. உழவர் சந்தைக்குப் போய் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கி வந்தோம். விடுதி அறையில் உட்கார்ந்து நூறு வெங்காயங்களை ஒவ்வொன்றாக வெர்னியர் என்ற நுண் அளவுகோலால் அளந்தேன். சராசரி விட்டம், மிகப் பெரியது, மிகச் சிறியது எல்லாம் எக்ஸெல்லில் ஏறின. பிறகு சாலிட்வொர்க்ஸில் ஒரு சுழலும் தட்டு. அதில் 24 குழிகள். ஒரு குழிக்கு ஒரு வெங்காயம், மேலே கத்தி, கீழே மோட்டார். திரையில் அதைச் சுழலவிட்டுப் பார்த்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. முதலாவதான ஜீரோத் ரிவ்யூவில் பேராசிரியர்கள் மூவர் தலையாட்டினார்கள். 42 ஸ்லைடுகள் காட்டினோம். ஒரு ஸ்லைடில்கூட வயல் இல்லை.

அந்த 24 குழித் தட்டை லேசர் கட்டிங்கில் வெட்டித்தரக் கேட்ட விலை எங்கள் கையிருப்புக்கு எட்டவில்லை. இரண்டு வாரம் யாரிடம் கடன் வாங்கலாம் என்று பேசிக்கொண்டே கழிந்தது. அந்த இடைவெளியில் டிப்ளமோ தன் அறையில் ஒரு காரியம் செய்தான். மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, சைக்கிள் கம்பியை அச்சாக வைத்து, துடைப்பக்குச்சிகளால் முட்டுக்கொடுத்து, என் இயந்திரத்தை அட்டையில் செய்துவிட்டான். ஏன் என்று கேட்டோம். "வரைபடத்தில் எனக்கு விளங்கவில்லை. கையில் பிடித்துப் பார்த்தால்தான் விளங்கும்" என்றான். சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

மறுநாள் அந்த அட்டை இயந்திரத்தை வகுப்புக்குத் தூக்கி வந்தான். ரிப்போர்ட்டில் போடப் படம் வேண்டும் என்று அவள் கைப்பேசியை எடுத்தாள். எடுத்தவள், படம் எடுக்காமல் தட்டை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இதில் தாள் எங்கே போகும்?" என்று கேட்டாள்.

மேலே கத்தி இருக்கிறதே என்றேன்.

"வயலிலிருந்து பிடுங்கினால் வெங்காயம் இப்படித் தனித்தனியாகவா வரும்? கொத்தாக அல்லவா வரும். ஐந்தாறு காய் ஒன்றாக ஒட்டியிருக்கும். காய்ந்த தாள் முழ நீளத்துக்குப் பின்னிக் கிடக்கும். அதை எப்படி இந்தக் குழியில் உட்கார வைப்பீர்கள்?"

அவள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சின்ன வெங்காயம்தான் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் என்றால் முதலில் சொல்லும் மாவட்டம் பெரம்பலூர். அங்கிருந்து வந்த ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சந்தையில் ஆய்ந்து சுத்தம் செய்த வெங்காயத்தை நான் வெர்னியரால் அளந்துகொண்டிருந்திருக்கிறேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "கம்ப்யூட்டரில் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தெரிந்தது. நீங்கள் சந்தை வெங்காயத்துக்குத்தான் ஏதோ செய்கிறீர்கள் என்று நினைத்தேன்" என்றாள்.

அந்தப் பதிலை இன்றுவரை மனத்தில் புரட்டிப் பார்க்கிறேன். என் திரையில் இருந்த படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது முடிந்த காரியத்தின் தோரணையில் இருந்தது. அதைத் தொட வேண்டுமென்றால் சாலிட்வொர்க்ஸ் தெரிய வேண்டும். தெரிந்தவன் நான் ஒருவன். அணியில் வெங்காயம் தெரிந்தவளும் இரும்பு தெரிந்தவனும் வாயடைத்துப்போய் நின்றது அதனால்தான். துடைப்பக்குச்சி குத்திய அட்டையைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை. விரல் வைக்கலாம், பிய்க்கலாம், கேள்வி கேட்கலாம். நான்கு பேரும் ஒரே பொருளைச் சுற்றி உட்கார்ந்து பேசியது அன்றுதான் முதல்முறை.

'புரோட்டோடைப்' என்பதைப் பாடப்புத்தகங்கள் 'முன்மாதிரி' என்று மொழிபெயர்க்கின்றன. எனக்கு அதில் ஒரு சங்கடம். முன்மாதிரி மாணவன், முன்மாதிரி கிராமம் என்றெல்லாம் சொல்கிறோம். பிறர் பார்த்துப் பின்பற்ற வேண்டிய மேன்மை அந்தச் சொல்லில் ஏறிவிட்டது. ஆகவே முன்மாதிரி செய் என்றால் மாணவன் பெயின்ட் டப்பாவைத் தேடுகிறான். 'வெள்ளோட்டம்' என்ற சொல் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றுவதற்கு முன் வெறும் தேரை ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு முனகுகிறதா, முக்கில் திரும்புகிறதா, மின்கம்பியில் இடிக்கிறதா என்று பார்ப்பதற்காக. அன்று அது எங்காவது நின்றுபோனால் தச்சர் தலைகுனிய வேண்டியதில்லை. நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தானே இழுக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை நால்வரும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினோம். அறுவடை நேரம். பிடுங்கிக் காயவைத்த வெங்காயம் வயலிலேயே குவிந்திருக்க, வேப்பமர நிழலில் பத்துப் பதினைந்து பெண்கள் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கொத்தை எடுப்பது, ஒரு திருகு, காய்கள் பிரிவது, அரிவாளில் தாளை வைத்து இழுப்பது, காய் ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது; கண் வெங்காயத்தில் இல்லவே இல்லை. நான் கைக்கடிகாரத்தை வைத்து ஒரு கொத்துக்கு எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டிருந்தேன். டிப்ளமோ ஒரு அரிவாளை வாங்கிக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டான். ஒரு மணி நேரத்தில் அவன் விரலில் இரண்டு வெட்டு. ஆனால் என் நோட்டில் இல்லாத ஒன்றை அவன் கண்டுபிடித்திருந்தான். வேலையில் பாதி அறுப்பதே இல்லை. கொத்தைப் பிரிப்பதுதான். அது மணிக்கட்டில் நடக்கிறது, கத்தியில் அல்ல.

வயதான ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு காயைக் காட்டினார். "தம்பி, கழுத்தை ஒட்ட அறுத்துவிடாதே. கொஞ்சம் விட்டு அறு. ஒட்ட அறுத்தால் பட்டறையில் போட்டதும் அழுகும்." வெங்காயத்தை இருப்பு வைக்கும் பட்டறையைப் பற்றி எங்கள் 42 ஸ்லைடுகளில் ஒரு சொல் இல்லை. கழுத்தை எவ்வளவு சுத்தமாக ஒட்ட வெட்டுகிறோம் என்பதைத்தான் எங்கள் இயந்திரத்தின் பெருமையாகப் போட்டிருந்தோம்.

இன்னொன்றும் கேட்டார்: "இந்த மெஷின் வந்தால் எங்களுக்கு வேலை இருக்குமா?" பவர்பாயிண்டுக்கு அன்று பேச்சு வரவில்லை. எனக்கும் வரவில்லை. அந்தக் கேள்வி எங்கள் ரிப்போர்ட்டில் ஏறவே இல்லை. ஏற்றியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பி வந்த அன்று இரவுதான் சப்பாத்திக் கட்டை. தாளை மேலிருந்து வெட்டுவதைவிடக் கீழிருந்து இழுத்தால் என்ன என்று அவள் கேட்டாள். இரண்டு உருளைகள் எதிரெதிராக உள்நோக்கிச் சுழன்றால், நடுவில் உள்ள இடுக்கில் காய்ந்த தாள் மாட்டிக் கீழே போகும். காய் பருமன் என்பதால் மேலேயே நிற்கும். கரும்புச்சாறு வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கரும்புக்குப் பதில் தாள் மட்டும் போக வேண்டும். உருளைக்கு எங்கே போவது? இரவு பதினொரு மணிக்கு மெஸ் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. கட்டைகள் மீது பழைய சைக்கிள் டியூபை இழுத்து ஒட்டினோம். மரச்சட்டத்தில் ஆணி அடித்து இரண்டையும் பொருத்தினோம். டிப்ளமோ ஒன்றைச் சுற்ற, நான் இன்னொன்றைச் சுற்ற, அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த கொத்தை மேலே பிடித்தாள். தாள் சரக்கென்று உள்ளே போனது. காய் மேலே நின்றது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த கொத்தில் காய் நசுங்கிச் சாறு வழிந்தது. மூன்றாவதில் தாள் டியூபில் சுற்றிக்கொண்டு உருளை நின்றது. விடியும்வரை இடுக்கின் அளவை மாற்றிக்கொண்டே இருந்தோம். ஆணியைப் பிடுங்கி அரை அங்குலம் தள்ளி அடிப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. என் பழைய தட்டை இரும்பில் செய்திருந்தால் ஒரு துளையை நகர்த்த லேத் பட்டறையில் ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டியிருந்திருக்கும்.

இந்த 'இரண்டு நிமிடம்' எவ்வளவு பெரிய விஷயம் என்பது பால் மெக்ரெடி என்ற அமெரிக்க விமான வடிவமைப்பாளரைப் பற்றிப் பிற்பாடு படித்தபோதுதான் புரிந்தது. மனித உடலின் பலத்தால் மட்டுமே பறக்கும் விமானத்துக்கு ஹென்றி கிரெமர் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபர் 1959இல் பரிசு அறிவித்தார். அரை மைல் தள்ளித் தள்ளி நின்ற இரண்டு கம்பங்களைச் சுற்றி எட்டுப் போட்டு வர வேண்டும். புறப்படும்போதும் முடிக்கும்போதும் பத்தடி உயரத்தைத் தாண்ட வேண்டும். பலர் முயன்றார்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய விமானம் 1961 நவம்பரில் தரையைவிட்டு எழும்பிச் சிறிது தூரம் பறந்தது; எட்டுப் போட முடியவில்லை. அந்தக் காலத்து விமானங்கள் பார்க்க அழகானவை. மரத்தில் நுணுக்கமாக இழைத்தவை. விழுந்தால் பழுதுபார்க்க மாதக்கணக்கு ஆகும். மெக்ரெடி அழகைப் பற்றிக் கவலைப்படவில்லை. அலுமினியக் குழாய், பியானோ கம்பி, மெல்லிய மைலார் பிளாஸ்டிக் தாள், ஒட்டும் டேப். இறக்கையின் நீளம் 96 அடி; எடை ஏறத்தாழ 32 கிலோ. அது விழுந்துகொண்டே இருந்தது. அவர்களும் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை விழுந்து எழுவதற்குள் இவர்கள் பலமுறை விழுந்து எழுந்தார்கள். 1977 ஆகஸ்ட் 23 அன்று கலிஃபோர்னியாவின் ஷாஃப்டரில் பிரையன் ஆலன் என்ற சைக்கிள் வீரர் பெடல் மிதித்து எட்டுப் போட்டார். 50,000 பவுண்டு. விமானத்தின் பெயர் காஸமர் காண்டார். அடுத்த விமானத்தில் 1979இல் ஆங்கிலக் கால்வாயையே கடந்தார்கள்.

மெக்ரெடியின் கெட்டிக்காரத்தனம் காற்றியக்கவியலில் இருந்ததா, டேப்பில் இருந்ததா என்று கேட்டால் நான் டேப்பின் பக்கம். காற்றியக்கவியல் தெரிந்தவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள்.

எங்கள் கதை அவ்வளவு பிரமாதமாக முடியவில்லை. சப்பாத்திக் கட்டைக்குப் பிறகு நான்கைந்து மாற்றங்கள். கொத்தைப் பிரிக்க ஓர் ஆட்டும் சல்லடை வைத்துப் பார்த்தோம். பாதிக் கொத்து பிரிந்தது, மீதி பிடிவாதமாக ஒட்டியே கிடந்தது. கடைசியில் இரும்புச் சட்டம், பி.வி.சி. குழாய் உருளைகள், பழைய மிக்ஸி மோட்டார் என்று ஓர் இயந்திரம் நின்றது. அந்த வேப்பமரத்து அம்மாவின் வேகத்தில் பாதிகூட வரவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எதிரெதிர் உருளைகளால் தாள் நீக்கும் இயந்திரங்கள் பெரிய வெங்காயத்துக்கு வெளிநாடுகளில் ஏற்கெனவே உண்டே, முன்பே வந்தவற்றைத் தொகுக்கும் லிட்டரேச்சர் சர்வேயில் ஏன் இல்லை என்று கேட்டார். சீனியர்களின் ரிப்போர்ட்டிலிருந்து சர்வேயை எடுத்து ஒட்டியது நான். பதில் இல்லை. மதிப்பெண் சுமார். பிராஜெக்ட் சென்டரில் வாங்கிய பேப்பர் கட்டருக்கு எங்களைவிட நான்கு மதிப்பெண் அதிகம்.

அது எனக்கு ஆறவில்லை. தேர்வாளரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்த மேசையில் அட்டை இயந்திரத்துக்கும் சப்பாத்திக் கட்டைக்கும் இடமில்லை. நாங்களே அவற்றை ஒளித்துவைத்திருந்தோம், அசிங்கம் என்று. படித்தது எல்லாம் அவற்றில்தான் இருந்தது. காட்டியது பெயின்ட் அடித்ததை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வுடி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர் 1970களில் இளநிலை மாணவர்களின் வடிவமைப்பு வகுப்பை ஒரு போட்டியாக மாற்றிப் புகழ்பெற வைத்தார். எல்லாருக்கும் ஒரே உதிரிச் சாமான் பை. அதற்குள் இருப்பதை வைத்தே இயந்திரம் செய்து எல்லார் முன்னிலையிலும் மோதவிட வேண்டும். காசு கொடுத்து வாங்க வழியே இல்லாத ஏற்பாடு. எங்கள் ஊர் மாடிப்படிகளை நினைத்துக்கொண்டேன். சென்னை ஐஐடியில் 2008இல் தொடங்கிய சென்டர் ஃபார் இன்னோவேஷன் என்ற செய்துபார்க்கும் கூடத்தை மாணவர்களே நடத்துகிறார்கள். அப்படி ஓர் அறை எங்கள் கல்லூரியில் இருந்திருந்தால் மெஸ் ஜன்னல் ஏறியிருக்க மாட்டோம்.

இப்போது நிறைய கல்லூரிகளில் 3டி பிரிண்டர் இருக்கிறது. அந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படைக் காப்புரிமை ஒன்று 2009இல் காலாவதியானதும் விலை இறங்கியது, நல்லதுதான். ஆனால் சென்ற ஆண்டு ஒரு கல்லூரிக்கு ரிவ்யூ பார்க்கப் போனபோது ஒன்றைக் கவனித்தேன். ஆறு மணி நேரம் காத்திருந்து, வழுவழுப்பாக வெளியே வந்த பிளாஸ்டிக் பொருளை உடைக்க எவனுக்கும் மனம் வருவதில்லை. முதல் யோசனையே இறுதி யோசனை ஆகிவிடுகிறது. என் பழைய சாலிட்வொர்க்ஸ் மயக்கம்தான், கையில் பிடிக்கும்படி வந்திருக்கிறது. முதல் வாரம் அட்டைக்கும் கத்தரிக்கோலுக்கும் மட்டுமே அனுமதி என்று நான் ஆசிரியராக இருந்தால் விதி போடுவேன். ரிப்போர்ட் எழுதுகிறவரை வாராவாரம் மாற்றவும் சொல்வேன். ரம்பம் பிடித்தவர் எழுதட்டும், எழுதினவர் ரம்பம் பிடிக்கட்டும்.

அன்று ஓர் அணியிடம், நீங்கள் முதலில் செய்து உடைந்துபோனது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் நின்ற ஒரு பெண் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஐஸ்கிரீம் குச்சிகளும் ரப்பர் பேண்டும் சேர்ந்த ஏதோ ஒன்றை எடுத்தாள். அரை மணி நேரம் அதைப் பற்றி மட்டுமே பேசினோம். மேசை மேல் இருந்த பளபளப்பான இயந்திரத்தை அவர்கள் ஓட்டிக் காட்டவே இல்லை. நானும் கேட்க மறந்துவிட்டேன்.

சப்பாத்திக் கட்டைக் கணக்கு ஓராண்டு கழித்துத் தீர்ந்தது. இறுதியாண்டு முடிந்து, பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லும் நோ டியூ படிவத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது மெஸ் மாஸ்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "என் கட்டை இரண்டும் எங்கே?" என்றார். அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். நால்வரும் காசு போட்டுக் கடைவீதியில் புதிதாக இரண்டு வாங்கிக் கொடுத்தோம். தட்டிப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார், பழைய மரம்போல இல்லை என்றார், பிறகு கையெழுத்துப் போட்டார். பழையவை பெரம்பலூரில் அவள் வீட்டில் இருக்கின்றன. ஒன்றில் இன்னும் சைக்கிள் டியூப் ஒட்டியிருக்கிறது. இன்னொன்றைச் சுரண்டிக் கழுவி அவள் அம்மா சப்பாத்தி தேய்க்கிறாராம்.